மிஸ்ட்டுக்குள் இருந்த கோட்டை

இருபத்தேழு வருஷமாக நான் ஊட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு சேரிங்கிராஸ் பக்கம் ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்றினால், பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, டீ ஃபாக்டரி, ஏரி, பைக்காரா என்று சுற்றி, இருட்டுவதற்குள் லாட்ஜில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். டிரைவரும் நான்தான், கைடும் நான்தான். எனக்கு ஒருவர் ஊர் சுற்றிக் காட்டிய நாள் என்று என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கும் எடின்பரோ. காட்டியவள் என் மகள்.

பெருமை பீற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அன்று காலை நான் கடுகடுவென்றுதான் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். மகள் அந்த ஊருக்குப் படிக்கப் போனாள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு படிப்பு. படிப்பு முடிந்ததும் டூரிஸ்ட் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்துத்தான் போனில் உண்மையைச் சொன்னாள். "நான் கைடா இருக்கறேனுங்கப்பா. நடந்தே ஊர் சுத்திக் காட்டற வேலை. நிரந்தரமா இருந்துக்கச் சொல்றாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் அவளுக்காக நான் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தேன். வருஷா வருஷம் என் வண்டியில் ஊட்டி சுற்றும் ஒரு பெரிய மனிதர் பேசி முடித்துக் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, மேஜை, மாலை ஐந்து மணிக்கு வீடு. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் மறுபடியும் கூப்பிட்டாள். "நீங்களும் அம்மாவும் இங்க வாங்க. டிக்கெட் நான் போட்டர்றேன். ஒரே ஒரு நாள் என்ற டூர்ல நடந்து பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, உங்ககூடவே பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்தர்றேன். ஒரு பேச்சுப் பேச மாட்டேன்."

என் மனைவிக்கு அது போதும். இத்தலாரில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த காரட் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அறுவடையைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு, ஒரு பையில் வரிக்கி பிஸ்கட்டும் டீத்தூளும் எடுத்துக்கொண்டாள். இன்னொரு பெரிய பையை மடித்து உள்ளே வைத்தாள். அது எதற்கு என்றேன். "பாப்பாவோட துணிமணியை வெச்சுக் கொண்டாற வேண்டாமுங்களா?" என்றாள். அவளைப் பொறுத்தவரை முடிவு ஆகிவிட்டது. மகள் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறு கவலை. மகள் தெருவில் நிற்கக்கூடாது. காரணம் வேறு வேறாக இருந்தாலும், சொல்லப்போவது 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தை என்பதால், விமானத்தில் நாங்கள் ரொம்ப ஒற்றுமையாக இருந்தோம்.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் லீவு என்றால் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து என்னோடு வருவாள். சீசன் நேரம். தொட்டபெட்டாவில் மிஸ்ட், அதான் மூடுபனி, இறங்கி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கம்பிவேலிகூடத் தெரியவில்லை. மிஸ்ட் இறங்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் காட்டுவோம். "அதோ சார், நேர் கீழே கோயமுத்தூர். இந்தப் பக்கம் மைசூர். அந்தா பவானிசாகர் டேம், தண்ணி மின்னுது பாருங்க" என்று கையை நீட்டி நீட்டிச் சொல்வோம். எதிரில் வெறும் வெள்ளை. அப்படியும் பாதிப் பேர் "ஆமாம், ஆமாம்" என்பார்கள். அன்றைக்கு வந்த ஆள் அந்த ரகம் இல்லை. "பஞ்சைப் பாக்கவாய்யா இவ்வளவு தூரம் வந்தோம்? நீயெல்லாம் ஒரு கைடா?" என்று என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். நான் முதுகை வளைத்து "சாரி சார், சாரி சார்" என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் மகள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்தப் பிழைப்பு என்னோடு போகட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டூர் அன்று சனிக்கிழமை. காலையில் மகள் எங்களுக்குச் சட்டதிட்டங்கள் சொன்னாள். "நீங்க என்ற அப்பா அம்மான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். கடைசியில நில்லுங்க. நடுவுல பேசாதீங்க. முக்கியமா, அப்பா, யாருக்கும் எதையும் காட்டாதீங்க."

"நான் என்னத்தைக் காட்டப்போறேன்? இந்த ஊர்ல எனக்கு என்ன தெரியும்?"

"இந்த ஊரு உங்களுக்குத் தெரியாது. ஆனா உங்களை எனக்குத் தெரியுமுங்கப்பா."

இந்த வாய் அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

ஹை ஸ்ட்ரீட் என்ற பெரிய வீதியில், ஒரு கல் தூணுக்குப் பக்கத்தில், பதினெட்டுப் பேர் கூடினோம். மகள் ஒரு சிவப்புக் குடையை மடித்து உயரப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்களையும் மற்றவர்களைப் பார்ப்பது போலவே பார்த்து "குட் மார்னிங்" என்றாள். என் மனைவி பழக்க தோஷத்தில் அவளுடைய கம்பளிச் சட்டையின் காலரைச் சரி செய்யக் கையைத் தூக்கினாள். நான் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

அந்த ஊரைப் பற்றி எப்படிச் சொல்வது? நான் ஏற்கெனவே பார்த்த ஊர் மாதிரி இருந்தது. ஊட்டியில் கோர்ட், பழைய லைப்ரரி, மேட்டில் இருக்கும் சர்ச் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற அதே சாம்பல் நிறக் கட்டடங்கள், அதே கூரான கூரைகள், இங்கே ஊர் முழுக்க நின்றன. இருபத்தேழு வருஷம் நான் காட்டியது துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வந்ததை. முழுசு இங்கே இருந்திருக்கிறது. காற்றிலும் அதே ஈரம். கரிப்புகையும் நனைந்த புல்லும் கலந்த வாசனை. கண்ணை மூடினால் லவ்டேல் ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்வேன். நடக்க நடக்க என் கால் கல்லில் பட்டதா, இல்லையா என்றே தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பவன் போலத்தான் மகளுடைய சிவப்புக் குடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

பெரிய வீதியிலிருந்து இரண்டு பக்கமும் சந்து சந்தாகக் கீழே இறங்கின. தோள் இடிக்கும் அளவு குறுகலான சந்துகள். அண்ணாந்து பார்த்தால் ஏழெட்டு மாடி உயரத்தில் ஒரு கீற்று வானம். ஒவ்வொரு சந்திலும் நுழைந்து வெளியே வரும்போது வேறு காலத்துக்குள் வந்தது போல இருந்தது. என் மனைவி புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, ஒரு ஊட்டுக்கு எதுக்குங்க பன்னண்டு புகைபோக்கி? அத்தன அடுப்பா எரிப்பாங்க?" என்றாள். சரிவில் ஒரு பூங்காவைப் பார்த்ததும், "இவ்வளவு நல்ல மண்ணைப் புல்லுக்கு விட்டிருக்காங்களே, காரட் போட்டா என்னமா வரும்" என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு முனையில் தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். என் அம்மா கோத்தகிரி பக்கத்தில் கொழுந்து பறித்த எஸ்டேட்டின் பெயர் அது. அதே எழுத்து, அதே பெயர். இங்கே அதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். நான் பிறந்தது அந்த எஸ்டேட்டின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் 'பெரட்டு' என்றுதான் கடைசிவரை சொன்னாள். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பஸ் கண்டக்டர் விசில் ஊதுவார். அந்தப் பெயர் எங்களுடையது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வெள்ளைக்காரத் தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே அதைப் பார்த்தபோது, அடுத்த வளைவில் அம்மா கூடையோடு வந்துவிடுவாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். வளைவிலிருந்து ஒரு நாய்க்குட்டியோடு ஒரு பெண் வந்தார். நான் குடையைத் தேடி ஓடினேன்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தேன். தொழில்காரன் கண் அல்லவா? நடக்கும்போது பேசுகிறாளா என்று பார்த்தேன். பேசவில்லை, நின்ற பிறகுதான் பேசினாள். ஆட்கள் கண்ணில் வெயில் அடிக்கும்படி நிறுத்துகிறாளா என்று பார்த்தேன். இல்லை, தான் வெயிலைப் பார்த்து நின்றாள். பெரிய சர்ச்சுக்கு முன்னால், தினமும் மதியம் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாதாம். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள ஏற்படுத்திய வழக்கமாம். கோட்டையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். எதிரே இருக்கும் குன்றின் மேல் ஏறினால் முழுக் கோட்டையும் ஒரே பார்வையில் தெரியும், அங்கேதான் டூர் முடியும் என்றாள். அதுவும் சரிதான். நானும் பைக்காராவைக் கடைசிக்குத்தான் வைப்பேன்.

கூட்டத்தில் ஒரு நெட்டை ஆள் இருந்தார். கழுத்தில் பெரிய கேமரா. நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மாதிரி ஆளை நான் நூறு அடி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன். கல்லறைத் தோட்டத்தில், ஒரு பழைய சுவரைக் காட்டி, இதை எதற்காக இத்தனை உயரம் கட்டினார்கள் என்று அவர் கேட்டார். கேட்ட விதமே மடக்குகிற மாதிரி இருந்தது.

மகள் ஒரு விநாடி சுவரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியவில்லை" என்றாள். "விசாரித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்."

போச்சு, இனி காலர்தான் என்று நினைத்தேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கஸ்டமரிடம்கூட நான் 'தெரியாது' என்று சொன்னதில்லை. தெரியாததற்குத்தான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மரத்தின் வயசை ஒரே நாளில் இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு விதமாகச் சொன்னவன் நான். ஆனால் அந்த நெட்டை ஆள் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஈமெயிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு என்னவோ ஏமாந்துவிட்டது போல இருந்தது.

"ஏனுங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று மனைவி காதில் கிசுகிசுத்தாள். "வேண்டாம்னு சொல்லோணும்."

"தெரியும், வா" என்றேன்.

பாலத்தைக் கடந்து குன்றில் ஏற ஆரம்பித்தபோதுதான் அது வந்தது. கடல் பக்கமிருந்து வெள்ளையாக, சத்தமில்லாமல், தெருவை ஒவ்வொரு வீடாக அழித்துக்கொண்டு வந்தது. நடுவட்டம் ரோட்டில் கூடலூர் பக்கமிருந்து ஏறி வருமே, அதே மிஸ்ட். மேலே போய்ச் சேரும்போது பதினெட்டுப் பேருக்கும் அந்தச் சிவப்புக் குடைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் திரை. குன்றின் உச்சியில் பாதியில் நின்றுபோன பழைய தூண்கள் வரிசையாக இருந்தன. அவையும் பாதி தெரிந்தன, பாதி இல்லை. கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே கிடையாது. ஊரே கிடையாது. எனக்கு மட்டும் அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. இதுதான் எனக்குத் தெரிந்த ஊர்.

நெட்டை ஆள் கேமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். "நாங்கள் கோட்டையைப் பார்க்க வந்தோம்" என்றார் உரக்க. "பஞ்சைப் பார்க்க இல்லை."

என் முதுகு தானாகவே வளைந்தது. நிஜமாகச் சொல்கிறேன், யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனாலும் "சாரி சார்" என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் மகள் முதுகு வளையவில்லை. "எனக்கும் வருத்தம்தான்" என்றாள். "ஆனால் இந்த ஊருக்குப் பாதி நாள் இப்படித்தான். இதுவும் ஊரைச் சேர்ந்தது. போக வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம். இருந்தால் எனக்கு சந்தோஷம்." சிரித்துத்தான் சொன்னாள். பல்லிளிப்பு இல்லை. அந்த ஆள் அங்கேயே நின்றார்.

அவள் மற்றவர்களைப் பக்கத்தில் வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மனைவியும் கடைசியில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் கைத்தடியோடு ஒரு வயதான அம்மா, மூச்சு வாங்க நின்றிருந்தார். அவர் என்னிடம், "வழக்கமாக இங்கிருந்து என்ன தெரியும்?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். என் வலது கை மேலே போய்விட்டது.

"அதோ மேடம், நேராக, கோட்டை" என்றேன் என் ஊட்டி இங்கிலீஷில். "ரொம்பப் பெரிய கோட்டை. நாலு பக்கமும் சுவர். இந்தப் பக்கம் கடல். கடலில் கப்பல்கள். அந்தப் பக்கம் ராணி குளிக்கிற ஏரி." ராணியும் ஏரியும் எங்கேயிருந்து வந்தார்கள் என்று எனக்கே தெரியாது. வாய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் திரும்பினார்கள். பிறகு நாலு பேர். அத்தனை பேருக்கும் நான் கையை நீட்டிக் கோட்டையைக் காட்டினேன். எனக்கே அது தெரிவது போல இருந்தது. மனைவி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "அங்கே, கோபுரத்து உச்சியில், கொடி பறக்கிறது பாருங்கள்..."

டமாரென்று கோட்டையின் ஒரு மணிப் பீரங்கி வெடித்தது. என் முதுகுக்குப் பின்னால்.

"ஐயோ, பாறைக்கு வெடி வெக்கறாங்க!" என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மலை ரோடு அகலப்படுத்தும்போது வெடி வைப்பார்கள், அவள் அறிந்த வெடி அதுதான். எல்லோரும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் அந்தக் கைத்தடி அம்மா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நெட்டை ஆளும் சிரித்தார். என் காது சூடாகிவிட்டது.

மகள் என் பக்கம் நடந்து வந்தாள். மிஸ்ட்டுக்குள்ளிருந்து முதலில் குடை வந்தது, பிறகு அவள் முகம். "சார், தயவுசெய்து கூட்டத்தோடு நில்லுங்கள்" என்றாள்.

என் மகள் என்னை சார் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவள் சொன்ன மாதிரி சொன்னாள். நான் ஆயிரக்கணக்கான பேரை சார் என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. நான் போய்க் கூட்டத்தில் நின்றேன்.

அவள் அதோடு விடவில்லை. "இந்த சாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்" என்றாள் எல்லோரிடமும். "இப்போது நம் எல்லோருக்கும் கோட்டை எந்தப் பக்கம் என்று காது வழியாகத் தெரிந்துவிட்டது. எல்லோரும் அந்தச் சத்தத்தைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மூடினாலும் திறந்தாலும் இன்று ஒன்றுதான்."

பிறகு காட்டினாள். அதை எப்படிச் செய்தாள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கையை நீட்டவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. முதலில் ஒரு கரிய பாறையைச் சொன்னாள். எப்போதோ நெருப்பு கக்கிய மலையின் மிச்சம். மூன்று பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் மட்டும் காலையில் நாம் நடந்த வீதி. அதன் மேல் சுவர், சுவருக்குப் பின்னால் சுவர். தண்ணீருக்கு ஒரே ஒரு கிணறு. முற்றுகை வந்தால் அந்தக் கிணறு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று மேலே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். ஒரு முறை, ஒன்றுமே கண் தெரியாத நேரத்தில், கொஞ்சம் பேர் அந்தப் பாறையில் தொற்றிக்கொண்டு ஏறிக் கோட்டையைப் பிடித்தார்களாம். "மேலே காவல் நின்றவனுக்கும் இப்போது உங்களுக்குத் தெரிவதுதான் தெரிந்திருக்கும்" என்றாள். "வெறும் வெள்ளை அல்லது வெறும் கறுப்பு. ஒரு கல் உருளும் சத்தம் கேட்டிருக்கலாம். ஆடு என்று நினைத்திருக்கலாம். கல் உருண்டதும் ஆடும் நான் சேர்த்தது. ஏறியது மட்டும் உண்மை." எது நிச்சயம், எது சொல்லிக்கொள்வது, எது தன் கற்பனை என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். அப்படிப் பிரித்துச் சொன்னதால்தான் மிச்சமெல்லாம் அவ்வளவு உறுதியாக எழும்பி நின்றது.

யாரும் அசையவில்லை. பதினெட்டுப் பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றோம். நான் கல் உருளும் சத்தத்தைக் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். கோட்டை அங்கே இருந்தது, ஈரமாக, கறுப்பாக, கைக்கெட்டும் தூரத்தில். எத்தனை நேரம் போயிற்று என்று தெரியாது. மிஸ்ட் கடைசிவரை விலகவே இல்லை. மறுநாள் நல்ல வெயிலில் நேரில் போய்ப் பார்த்தேன். நேரில் அவ்வளவு இல்லை.

டூர் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நெட்டை ஆள் அவள் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார். கைத்தடி அம்மா போகும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஒவ்வொருவராக மிஸ்ட்டுக்குள் போய் மறைந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் அந்தப் பாதித் தூண்களுக்குக் கீழே நின்றோம். மகள் தொப்பியைக் கழற்றினாள். மூக்கு சிவந்திருந்தது. அப்போதுதான் அவள் என் மகளாக ஆனாள். பயந்துபோயிருந்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

விமானத்தில் நான் ஒரு பெரிய பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். தெருவில் நிற்பது பற்றி, படித்த படிப்பு பற்றி, கோயமுத்தூர் நாற்காலி பற்றி.

"பீரங்கி வெடிக்கும்னு நீ காலைலயே சொன்னே. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

"அது கெடக்குதுங்கப்பா. வேலையைச் சொல்லுங்க."

"நான் செஞ்சது வேற கண்ணு, நீ செய்யறது வேற" என்றேன். "எனக்கு இத்தனை வருஷம் தெரியலை. இந்த வேலையை இப்படியும் பண்ணலாமுன்னு தெரியலை. நீ இதையே பாரு. கோயமுத்தூருக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கறேன்."

அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஒன்பது வயசில் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு வழியாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. அவள் தலைக்கு மேலே என் மனைவியின் முகத்தைப் பார்க்கும்வரை அப்படி இருந்தது.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க" என்றாள். "அப்ப பாப்பா ஊருக்கு வராதுங்களா?"

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. வேலைக்குச் சரி சொன்னேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். என் கௌரவம், என் முதுகு, என் காலர் என்று என்னையே நினைத்துக்கொண்டு, மகளை இங்கேயே விட்டுவிட்டுப் போவதற்கு ஒரே மூச்சில் சம்மதம் சொல்லியிருக்கிறேன். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளும் என்னை விட்டு விலகி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்களும் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நான் வந்தர்றேன்."

என் மனைவி மகளிடம் போய், காலையில் நான் இழுத்துப் பிடித்த அந்தக் கையால், அவளுடைய காலரைச் சரி செய்தாள். பித்தானை மேலே வரைக்கும் போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலை" என்றாள். "நீ இங்கிலீசுல என்ன பேசினேன்னு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா அத்தன பேரும் உன்ற வாயையே பாத்துட்டு நின்னாங்க. நானும்தான் நின்னேன். அதைப் பாத்துப்போட்டு வேண்டாம்னு எப்படிச் சாமி சொல்றது? இங்கியே இரு. ஆனா எனக்கு இது புடிக்கலை. இப்ப நான் அழுவேன். ரெண்டு பேரும் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது."

தூணுக்குக் கீழே இருந்த கல் படியில் உட்கார்ந்து, சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டு, வீட்டில் அழுவது போலவே சத்தமாக அழுதாள். மிஸ்ட்டுக்குள் போகிறவர்கள், வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.